ஏழாம் நம்பர் கல்

எங்க சேசுராஜ் சார் கையில ஒரு கல்லு கெடச்சா மொதல்ல நாக்குல வச்சுப் பாப்பாரு. ஈரம் பட்டாத்தான் உள்ள இருக்க ரேகை தெரியும்பாரு. இருக்கட்டும், நல்லாத் தெரியட்டும். ஆனா காலேஜ்ல நிலவியல் சொல்லிக்குடுக்குற மனுசன் நடு வெயில்ல வாய்க்கால்ல குத்தவச்சுக் கல்ல நக்கிக்கிட்டு இருந்தா, போற வர்ற சனம் என்ன நெனைக்கும்? மானம் போறது எனக்குத்தான். நான் மாயக்கண்ணன், அந்தத் துறையில அட்டெண்டர். சுத்தியல், கல்லுப் பை, தண்ணி கேன் எல்லாம் என் தோள்லதான் தொங்கும்.

சாருக்குப் பூர்வீகம் புதுவயலுக்கு அங்குட்டு ஒரு சின்ன ஊரு. வேதக்காரக் குடும்பம், வெவசாயம். அவுக அய்யா ஒரே வயல்ல மூணு கெணறு தோண்டுனாராம். மூணும் வறட்டுக் கெணறு. பக்கத்து வயல்ல முப்பதடியில ஊத்து பீச்சிக்கிட்டு வந்துச்சாம். அங்குட்டு இருக்க தண்ணி ஏன் இங்குட்டு இல்லன்னு பத்து வயசுல இவரு கேட்டிருக்காரு. அய்யாவுக்குத் தெரியல. கோயில்ல சாமியாரக் கேட்டா செபம் பண்ணச் சொல்லிருக்காரு. இவரு செபமும் பண்ணிட்டு, திருச்சிக்குப் போயி நிலவியலும் படிச்சிட்டு வந்துட்டாரு.

எம்பத்தாறுல எங்க காலேஜுக்கு வந்தாரு. செக்காலையில வாடகை வீடு. அவரு சம்சாரம் லூசியா டீச்சர், துணி தொவைக்குமுன்ன சட்டைப் பையத் தட்டிக் கல்ல எடுத்து சன்னல்ல வரிசையா வப்பாக. ஒரு நாளும் சலிச்சுக்கிட்டது இல்ல.

வேலைக்கு வந்த ரெண்டாம் வருசமே டாக்டர் பட்டத்துக்குப் பதிஞ்சுட்டாரு. இந்த வறண்ட சீமைக்கடியில ஒரு காலத்துல பெரிய ஆறு ஓடியிருக்கணும், அதோட தடத்தக் கண்டுபிடிக்கணும், இதுதான் ஆராய்ச்சி. அஞ்சாறு வருசம் அலைஞ்சோம். மண்ணு கெடச்சுச்சு, கூழாங்கல்லு கெடச்சுச்சு, சாட்சி மட்டும் கெடைக்கல. தொண்ணூத்தி மூணு மழைக்குப் பெறகு, வலையபட்டி ஊருணிக்குத் தண்ணி வர்ற கால்வாய்ல என் கால்ல ஒண்ணு இடிச்சுச்சு. பாத்தா வெறகுக் கட்டை மாதிரி இருக்கு, தூக்குனா கல்லு கனம் கனக்குது. சார் வாங்கி நக்கிப் பாத்தாரு. மரத்துல இருக்குமே வயசு வளையம், அது அப்படியே தெரிஞ்சுச்சு. கல்மரம்! மரம் மண்ணுக்குள்ள பொதைஞ்சு, லச்சக்கணக்கான வருசத்துல கல்லாப் போனது. பழைய ஆறு அடிச்சுக்கிட்டு வந்த மரம்னு சார் முடிவு கட்டிட்டாரு. அன்னைக்கு அங்க ஒம்பது துண்டு பொறுக்குனோம். நான் இடிச்சுக்கிட்டது ஏழாம் நம்பர். அதப்பத்திக் கட்டுரை ஒரு பத்திரிகையில வந்துச்சு, ஆராய்ச்சியில அதுதான் நடு அத்தியாயம். எனக்கும் பெருமை தாங்கல, டீக்கடையில எல்லாம் கால் வெரலக் காட்டிருக்கேன்.

தொண்ணூத்தேழு மார்ச்சுக்குள்ள எழுதிக் குடுத்துறணும், இல்லேன்னா பதிவு ரத்து, மறுபடி மொதல்லருந்துன்னு பல்கலைக்கழகத்துல கடுதாசி வந்துருச்சு. ஜனவரியில எல்லாம் தட்டச்சு ஆகி, பைண்டிங்குக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பாத்து வலையபட்டியிலருந்து உமையாள் ஆச்சி ஆள் விட்டாக. மெட்ராஸ்ல இருக்கவுக, குடும்பத்துப் படைப்புக்காகப் பங்காளிக எல்லாரும் வந்து வீட்டத் தொறந்திருக்காக. முன்னோருக்குப் படைக்கிற சோத்த வீட்டுக் கெணத்துத் தண்ணியிலதான் ஆக்கணுமாம். கெணறு வத்திக் கெடக்கு, காலேஜ் சார் வந்து பாத்தா தேவலன்னாக.

போனோம். கெணத்தப் பாத்துட்டு வீட்டோட ரெண்டாங்கட்டு வழியா வாரோம். பல வருசமாப் பூட்டிக்கெடந்த அறைக் கதவு காத்துல அடிக்காம இருக்க ஒரு கல்ல முட்டுக்குடுத்து வச்சிருந்தாக. சார் அப்படியே நின்னுட்டாரு. கல்மரம். ஒரு பக்கம் ஒடஞ்சிருந்துச்சு.

ஆச்சி சாதாரணமாச் சொன்னாக: "எங்க அப்பச்சி பர்மாவுலருந்து கப்பல்ல கொண்டாந்தது. இது மாதிரி நாலஞ்சு இருந்துச்சு. வீடு மராமத்துப் பாக்கயில ஒடஞ்சு போச்சுன்னு பின்னாடி வாய்க்கால்ல கொட்டிட்டாக."

நாங்க ஒம்பது துண்டு பொறுக்குன கால்வாய் அந்த வாய்க்கால்தான். சார் என்னைய காலேஜுக்கு அனுப்பி ஏழாம் நம்பர எடுத்தாரச் சொன்னாரு. துண்டுல சுத்திக் கொண்டாந்தேன். பொருந்தக்கூடாதுன்னு வழியெல்லாம் கருப்பசாமிய வேண்டிக்கிட்டே சைக்கிள் மிதிச்சேன். சார் ஒடஞ்ச பக்கத்தோட ஏழாம் நம்பர ஒட்ட வச்சாரு. மயிரிழை எடவெளி இல்ல.

மனுசன் தலையில கைய வப்பாருன்னு பாத்தா, ஆச்சிகிட்ட, பர்மாவுல எந்த ஊர்ல எடுத்தாகன்னு தெரியுமான்னு விசாரிக்கிறாரு. ஆத்தங்கரையா, மேட்டு நெலமான்னு கேள்வி வேற. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கல்லயே தூக்கி எறிஞ்சிருப்பேன். பத்து வருச ஒழைப்பு போகுது, இவருக்குப் பர்மா கேக்குது!

வெளிய வந்ததும் சொன்னேன். ஆச்சி நாலு நாள்ல மெட்ராஸ் போயிருவாக, அறையைப் பூட்டிருவாக. நான் செத்தாலும் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க பைண்டிங்குக்குக் குடுங்கன்னு கெஞ்சுனேன்.

சாருக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு. "நான் எழுதுனத நம்பி ஒருத்தன் இங்குட்டு வயல்ல போர் போடுவான் மாயக்கண்ணா," ன்னாரு. "தண்ணி வராது. எங்க அய்யா மூணு தடவ தோண்டுனது போதாதா?"

அந்த அத்தியாயத்த உருவிட்டாரு, மிச்சம் நிக்கல. மார்ச்சு வந்துச்சு, பதிவு போச்சு. கட்டுரை போட்ட பத்திரிகைக்கு, தப்பு என்னோடதுன்னு அவரே எழுதிப் போட்டாரு. ஸ்டாஃப் ரூம்ல சிரிச்சாக. அவருக்குப் பின்னாடி வந்தவுக பதவி உசந்து ரீடர் ஆயிட்டாக. லூசியா டீச்சர் மட்டும், அப்ப அடுத்து எதப் பாக்கப் போறீகன்னு கேட்டாகளாம்.

கெணறுகளப் பாக்கத்தான் போனாரு. மறுபடி பதிஞ்சாரு. ஊர் ஊரா எரநூறு கெணத்துல நான் கயிறு விட்டு ஆழம் பாத்திருக்கேன்.

ஏழாம் நம்பர என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு, மெட்ராஸ் போகுமுன்னயே ஆச்சி முட்டுக்கல்லயும் சேத்துக் குடுத்துட்டாக. ரெண்டையும் ஒட்ட வச்சுத் துறையோட கண்ணாடி அலமாரியில வச்சாரு சார். கூட ஒரு அட்டை: 'கல்மரம். பர்மா. கிடைத்த இடம்: வலையபட்டி. தவறாக முடிவு செய்தவர்: சேசுராஜ்.'

அதப் படிச்சதும் எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. வர்ற பிள்ளைக முன்னாடியெல்லாம் ஒத்த மனுசன் மட்டும் தலை குனியணுமா? பேனாவ எடுத்து அடியில எழுதுனேன்: 'கண்டெடுத்தவர்: மாயக்கண்ணன்.'

சார் வந்து பாத்தாரு. அட்டைய அப்படியே விட்டுட்டு, அலமாரியப் பூட்டிட்டுச் சாவிய எங்கிட்டக் குடுத்துட்டாரு.