மைதானத்துக் கல்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தை ஊர்க்காரர்கள் நடப்பதற்குத் திறந்துவிட்டிருந்தது மொத்தம் ஐந்தே மாதம். அதை மூட வைத்தவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடங்களில் இதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா ரிக்கு வண்டி டிரைவர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் வடக்கே எங்காவது ஆறு மாதம் போர்வெல் போட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் திரும்புவார். ஒருமுறை ஆம்புலன்சில் திரும்பினார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டிருந்தன, பேச்சு குழறியது. தினமும் நடந்தால் கால் பழையபடி வரும், படுத்தே கிடந்தால் வராது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். எங்கே போய் நடப்பது என்று அவர் சொல்லவில்லை. வாசலைத் தாண்டினால் சங்ககிரி ரோடு. லோடு லாரிகள் ஓரத்து வெள்ளைக் கோட்டையும் தங்களுக்கே எழுதி வைத்தது போலத்தான் போகும். நல்ல கால் உள்ளவர்களே அங்கே பயந்து பயந்து நடப்பார்கள்.

எங்கள் தலைமையாசிரியைக்குச் சர்க்கரை. காலையில் பள்ளி மைதானத்தில் தனியாக நடப்பார். ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய இடம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை யாரும் வந்து நடக்கலாம், எச்சில் துப்பக்கூடாது, ஆடு மாடு ஓட்டி வரக்கூடாது என்று எழுதி கேட்டில் ஒட்டினார். முதலில் நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு முட்டிவலிக்காரர்களும் தறிக்கூடத்துப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். காரியம் இல்லாமல் ஒரு பெண் ரோட்டில் நடந்தால் நாலு பேர் நிறுத்தி விசாரிக்கிற ஊர் எங்களுடையது. யாரும் விசாரிக்காமல் நடக்க அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாரும் கோயிலைச் சுற்றுவது போல இடமிருந்து வலமாகவே சுற்றினார்கள்.

அம்மாவுக்குத் தறியில் காலை ஷிப்டு. அதனால் அப்பாவைக் கூட்டிப்போவது என் வேலை. அவர் பத்து எட்டு வைப்பார், கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்.

“எந்திரிங்கப்பா. ஒரு சுத்தாவது போலாமுங்கப்பா.”

“எல்லாரும் பாக்கறாங்க கண்ணு,” என்பார். அவ்வளவு சொல்வதற்குள்ளேயே வாயோரம் எச்சில் வழியும். எனக்கு எரிச்சலாக வரும். அழுகையும் வரும்.

அப்பாவுக்குப் பக்தி அதிகம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை எடுத்ததே கிடையாது. அதை நினைத்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டில் ஓர் உடைந்த அம்மிக்குழவி இருந்தது. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருப்போம். அதைப் புத்தகப் பையில் போட்டு எடுத்துப்போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மைதானத்தின் கடைசி மூலையில் இருந்த வேப்பமரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தேன்.

மறுநாள் காலை, “அந்த மரத்தடில சாமி இருக்குதுங்கப்பா, கும்புட்டுட்டு வந்தரலாம்,” என்றேன்.

அப்பா எழுந்தார். வழியில் மூன்று தடவை நின்றார், ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி, இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டார். சாமி என்றதும் எப்படி நடக்கிறார் பார் என்று எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்து ஒரே பெருமை.

அதற்குப் பிறகு தினமும் போனார். இரண்டு மாதத்தில் நாலு சுற்று நடந்தார். ஒருநாள் குச்சியைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு நடந்தார். அன்றைக்கு அம்மா கேசரி கிண்டினாள்.

ஆனால் சாமி எங்களோடு நிற்கவில்லை. தறிக்கூடத்துப் பெண்கள் பூ வைத்தார்கள். யாரோ மஞ்சள் துணி சுற்றினார்கள். ஒருத்திக்கு முட்டிவலி போனது, இன்னொருத்தியின் மகளுக்கு வரன் அமைந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வந்தது, மேலே தகரக் கொட்டகை வந்தது. தை பிறந்ததும் முதல் பொங்கல் யார் வைப்பது என்று மேற்குத் தெருவுக்கும் கிழக்குத் தெருவுக்கும் சண்டை வந்தது. நடப்பதற்கென்று வந்தவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலை தலைமையாசிரியை எல்லாரையும் மரத்தடியில் நிறுத்தினார்.

“இதைக் கும்புட வந்தவங்க யாரும் எடுக்க மாட்டீங்க. என் கையாலயும் எடுக்க மாட்டேனுங்க, எனக்கும் பயம் இருக்குது. இதை வெச்சவங்க யாரோ அவங்களே எடுத்துட்டா, நாளைக்கும் கேட்டு தொறந்திருக்கும். இல்லீன்னா பூட்டறதத் தவிர எனக்கு வேற வழி தெரியலீங்க.”

நான் வாயைத் திறந்தால் இரண்டு தெருவும் சேர்ந்து என்னைக் கிழித்துப் போட்டுவிடும் என்று தோன்றியது. அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய இடது கை என் தோளை இறுக்கி அழுத்தியது. குச்சி இல்லாததால் என்மேல் சாய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கேட்டில் பூட்டு தொங்கியது. தறிக்கூடத்துப் பெண்கள் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். அப்பா சில நாள் வீட்டுக்குள் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடந்து பார்த்தார். அதில் ஆறு எட்டுக்குமேல் வைக்க இடமில்லை. பிறகு அதையும் விட்டுவிட்டார். இரண்டாம் வருடம் மறுபடியும் இழுத்தது. அந்தத் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை. பள்ளி நேரம் தவிர கேட்டில் இன்னும் பூட்டுதான். உள்ளே கல்லும் இருக்கிறது என்கிறார்கள், படிப்பு முடிந்து வெளியே வந்தபிறகு நான் போய்ப் பார்க்கவில்லை.

பூட்டிய அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் நல்ல காற்று. கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது. அம்மா குனிந்து தேடினாள்.

“இங்க வெச்சிருந்த ஒடஞ்ச கொழவி எங்கீங்க? உங்க கட்டிலுக்கு எதுத்தாப்லயேதான கெடந்துச்சு? ரொம்ப நாளாவே காணம்.”

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

“நாந்தான்,” என்று குழறினார். “தூக்கி... வெளிய போட்டன்.”

ஒற்றைக் கையோடு கட்டிலில் கிடந்த மனுஷன் எப்படித் தூக்கினார் என்று அம்மா கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சந்தோஷத்தில் விளையாட ஓடிவிட்டேன்.