அரபிக்கடலின் பச்சையைப் பூந்தமல்லி காப்பாற்றிய ஞாயிறு

மங்களூரிலிருந்து மீனை உறையவைத்து ரயிலில் சென்னைக்குக் கொண்டுவரலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கொண்டுவரலாம். அதைவிடச் சள்ளை பிடித்த சரக்கை நான் கொண்டுவந்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி, மே மாதம். ஆராய்ச்சிக் கப்பலில் போயிருந்த என் மனைவி ஸ்டெல்லாவை அழைத்துவர மங்களூர் போயிருந்தேன். நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவன். கடலென்றால் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி.

இறங்கி வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையிலிருந்த தெர்மோகோல் பெட்டியை மட்டும் தரவில்லை. உள்ளே ட்ரை ஐஸ். தண்ணீராகாமல் புகையாகவே போய்விடுகிற ஐஸ். அதற்கு நடுவே, கடல்நீரை வடிகட்டிய தாள்கள், அலுமினியத் தாளில் மடித்து.

ஜோலார்பேட்டை நெருங்கும்போது, முன்னால் போன சரக்கு ரயில் பழுதாகி, எங்கள் வண்டி அரை நாள் நின்றுவிட்டது. அப்போதுதான் சொன்னாள். அரபிக்கடலில் நூறு மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத ஓர் அடுக்கு இருக்கிறதாம். வெளிச்சம், மூடிய கதவின் இடுக்கில் கசிகிற அளவுதான். அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள்.

"மேலேருந்து செத்து விழுந்ததுன்னு எங்க சார் சொல்றார். அங்கேயே வாழுதுன்னு நான் சொல்றேன்."

"மூச்சு முட்டாதா அதுக்கு?"

"அந்தத் துளி வெளிச்சத்துல அதுவே ஆக்சிஜன் தயாரிக்கும். சுத்தியிருக்கிற கிருமிங்க உடனே உறிஞ்சிடும். அதான் தண்ணியில தெரியறதில்ல."

உயிரோடிருந்த பாசியின் பச்சை முழுசாக இருக்குமாம், செத்ததில் சிதைந்திருக்குமாம். குளிர் போனால் நல்ல பச்சையும் பெட்டிக்குள்ளேயே சிதையும். அப்புறம் கடலில் செத்ததா, ரயிலில் கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால், சென்னையில் அவளுடைய ஆய்வுக்கூடத்தில் அன்று மதியம் வரைதான் ஆள். அரக்கோணம் வரும்போதே மணி மூன்று. பெட்டியைத் திறந்தாள், ஐஸ் கால்வாசிதான். "நாளைக் காலை வரைக்கும் தாங்காதுங்க." அங்கேயே இறங்கி எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்தோம். ஆவடிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ட்ரை ஐஸ் கிடைக்கக்கூடிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஞாயிறு பூட்டு. ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் சாதா ஐஸே ஒழுங்காகக் கட்டாது.

ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் தள்ளி நின்றார். "இன்னா சார், பொட்டி பொகையுது?"

"ட்ரை ஐஸ் அண்ணே. இன்னும் கொஞ்சம் வேணும்."

"ஐஸ்கிரீம் வண்டிக்காரன் வெச்சிகினு சுத்துவானே, அதானே? பூந்தமல்லில டெப்போ கீது. குந்துங்க."

பத்து கிலோமீட்டர். பருத்திப்பட்டு தாண்டி சாலை முழுக்கப் பள்ளம். பெட்டியை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள் ஸ்டெல்லா. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓட்டுநர் அவளைத் திரும்பிப் பார்த்து "மன்னிச்சிக்கம்மா" என்றார். அவர் திரும்பிப் பார்ப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டெப்போவை நடத்திய செல்வி அக்கா கையை விரித்தார். "காலைலயே எல்லா வண்டிக்கும் போட்டாச்சும்மா. ஃப்ரீசர்ல வேணா வெச்சிட்டுப் போ."

"அந்தக் குளிர் போதாதுக்கா." ஸ்டெல்லா பெட்டியைத் திறந்து காட்டினாள். "கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வடிகட்டினதுக்கா எல்லாம்."

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரு. வண்டிங்க திரும்புற நேரம்தான். அடியில துண்டு துணுக்கு மிச்சமிருக்கும்."

வெயில் இறங்க இறங்கத் தள்ளுவண்டிகள் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் கை அளவு, எலுமிச்சை அளவு என்று துண்டுகள். சாக்குத்துணியால் பிடித்தெடுத்துப் பெட்டியில் போட்டார்கள். "எங்கிட்ட இம்மாத்துண்டுதான் கீது, பரவால்லையா மேடம்?" என்ற ஒருவர், உள்ளே என்ன என்று கேட்டார்.

"பாசிண்ணே. கடல்ல மூச்சுக்கே வழியில்லாத இடத்துல இருக்கிறது."

"அங்க போயி ஏன் குடியிருக்குது?"

"மேல கூட்டம். அங்க போட்டி இல்ல."

"ஓ! நம்ம சனம் ஊருக்கு வெளிய பாரிவாக்கத்துல மனை வாங்குற மாதிரி."

காலையிலிருந்து முதல் தடவையாக ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். பெட்டி நிறைந்தது.

மறுநாள் அதை ஒப்படைத்தோம். சில வாரம் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டாள் ஸ்டெல்லா. மூடியை ஒட்டியிருந்த சில தாள்கள் வீணாம். "மத்ததுல பச்சை முழுசா இருக்குங்க. சாரே ஒத்துக்கிட்டார்."

ட்ரை ஐஸ் கொண்டுபோகிறவர்களுக்கு: ரயிலில் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டாதீர்கள், வெடிக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள். மூடிய அறையில் பக்கத்தில் வைத்துத் தூங்கவே கூடாது. ஒரு நாளுக்குக் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி நடுவழியில் நின்றுபோனால் சலித்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து, என் மனைவி கடலில் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது அந்த அரை நாளில்தான்.