தோளில் இருந்த கை

செங்கம் சாலையில் நான் டிடிபி கடை திறந்த புதிது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். போட்டோஷாப்பில் எந்தப் படத்தையும் சீராக்கிவிடுவேன் என்ற பெருமை நிறையவே இருந்தது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். இறந்துபோன கணவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும். இருந்தது ஒரே படம், இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. ஸ்கேன் செய்து, கணவரை மட்டும் வெட்டியெடுத்தேன். அவர் தோளில் கிடந்த விரல்களையும் அழித்து, சட்டை நிறத்தால் நிரப்பினேன்.

"எப்டிங்கம்மா இருக்கு?"

"நல்லாதாம்மா இருக்கு. அந்தக் கை என்னுது. அத மட்டும் உட்டுடும்மா."

"பாக்கறவங்க யார் கைன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும். சொல்றேன்."

செய்த வேலையை ஒவ்வொரு படியாகப் பின்னால் கொண்டுபோனேன். விரல் விரலாக அந்தக் கை திரும்பி வந்தது. அப்போதுதான் அவர் அழுதார்.

இப்போதெல்லாம் எதை அழிப்பதற்கு முன்பும் கேட்டுவிடுகிறேன்: "இது யாருதுங்க?"