பாட்டின் வாலைக் கேட்பவர்

லாரி எடைமேடையில் ஏறி நின்றாயிற்று. டிரைவர் முனுசாமி இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுக் கண்ணாடி ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறார். உள்ளே நூர் அகமது வலது கையைத் தூக்கி ‘இரு’ என்கிறார். எடை எப்போதோ வந்துவிட்டது. சிவப்பு எண்கள்கூட ஆடாமல் நிற்கின்றன. அவர் காதில் ஓடும் பாட்டின் சரணம்தான் இன்னும் முடியவில்லை.

“இன்னா பாய், வண்டியில கீற கம்பியெல்லாம் துரு புட்சிரும் போல கீதே!” என்று முனுசாமி கத்துகிறார்.

“இருப்பா, ஒரே ஒரு வரி.”

வரி முடிகிறது. சீட்டு அச்சாகி ஜன்னல் வழியே வெளியே போகிறது. லாரி உறுமிக்கொண்டு இறங்குகிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், உருக்காலைகளுக்குத் திரும்புகிற சாலையில் இருக்கிறது அந்த எடைமேடை. அதற்கு நேர் எதிரே உள்ள லாரி புக்கிங் ஆபீசில் எனக்கு வேலை. ஆகையால் இந்தக் காட்சியைப் பல வருஷமாகச் சம்பளத்தோடு பார்த்து வருகிறேன். டிரைவர்கள் திட்டுவார்கள், முதலாளி வந்தால் கொஞ்சம் சத்தம் போடுவார். ஆனாலும் நூர் அகமது போட்ட எடையில் கிலோ பிசகியதாக யாரும் சொன்னதில்லை என்பதால் எல்லாரும் சரணத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பாட்டு செல்போனிலிருந்து வருகிறது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். செல்போன் சாப்பாட்டுப் பைக்குள் டிபன் டப்பாவுக்கு அடியில் கிடக்கும். ஷார்ஜாவிலிருந்து மகள் பர்ஹானா கூப்பிட்டால் மீன்குழம்பு வாசனையோடு வெளியே வரும். சட்டைப் பையில் இருப்பது மினிடிஸ்க் பிளேயர். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி நிறப் பெட்டி. அதற்குள் போகும் தட்டு ஒரு சின்னச் சதுர பிளாஸ்டிக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும்; விரல் பட்டுவிடாமல் அதற்கு ஒரு தகரக் கதவு வேறு. கேசட்டின் கடைசிக் காலத்தில் ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த சாமான். சிடி மாதிரித் துல்லியமாகப் பாடும், கேசட் மாதிரி நாமே பதிந்துகொள்ளலாம், வேண்டாததை வெட்டிப் போடலாம். இவ்வளவு இருந்தும் என்ன, நம் ஊர்ப்பக்கம் வந்து சேர்வதற்குள் செல்போன் குறுக்கே புகுந்து கதையை முடித்துவிட்டது. கேள்விப்படாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் இதைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது கடைக்காரரே, “இன்னா பாய் இது, கேமராவா?” என்று கேட்டாராம். அன்று முழுக்கப் பாய் என்னோடுகூடப் பேசவில்லை.

வாலிபத்தில் ஷார்ஜாவில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவர் அவர். ஊருக்குத் திரும்புகிறவர்கள் கம்பளி, சென்ட், தைலம் என்று கொண்டுவருவது வழக்கம். இவர் இந்தப் பெட்டியையும், ஒரு பை நிறைய வெற்று டிஸ்க்குகளையும் கொண்டுவந்து இறங்கினார். மாமியார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவதாகக் கேள்வி. பெட்டியோடு வந்த பட்டையான பேட்டரி என்றைக்கோ ஊதிப்போய்விட்டது. இப்போது கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி ஒன்று வெளியே ஒரு கூட்டில் தொங்குகிறது. அது விழாமல் ஒரு ரப்பர் பேண்ட்.

பாய்க்கு வீடு பழவேற்காட்டில், பள்ளிவாசலுக்குப் பின்தெருவில். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே பதிவு நாள். வீட்டிலிருந்த பழைய டூ-இன்-ஒன் ரேடியோவில் ஒயர் செருக வழி இல்லை. எனவே ஸ்பீக்கருக்கு எதிரே ஒரு தலையணை, தலையணை மேல் மைக். ஐந்து நிமிஷப் பாட்டைப் பதிய ஐந்து நிமிஷம் ஆகும். இன்றுபோல் டீ ஆறுவதற்குள் ஆயிரம் பாட்டை இறக்குகிற காரியம் இல்லை. அவ்வளவு நேரமும் வீட்டுக்குள் ஊரடங்கு. ஃபேன் நின்றுவிடும். சின்னப் பெண்ணாயிருந்த பர்ஹானா தெருவுக்குத் துரத்தப்படுவாள். மனைவி ஜாஹிதா மீன் பொரிக்கக் கூடாது. “பாட்டுக்குள்ள உன் வஞ்சிரம் வந்து குந்திக்கும்” என்பாராம் இவர்.

ஜாஹிதா அப்படியெல்லாம் அடங்கி உட்காருகிற ஆள் இல்லை. அந்தத் தெருவில் அவர் குரலுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. மீன் கூடையோடு வரும் எல்லம்மாவிடம் வாசலில் பேரம் பேச ஆரம்பித்தால், தெருக்கோடியில் இருப்பவர்களும் அன்றைய இறால் விலையைத் தெரிந்துகொள்வார்கள். அந்தக் குரல் பாட்டின் நடுவே விழுந்தால் பாய் முழுப் பாட்டையும் அழித்துவிட்டு மறுபடி பதிவார். இரண்டு பாட்டுக்கு இடையில் விழுந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டுவார்.

அந்த வெட்டில்தான் அவருக்கு எத்தனை கர்வம்! துண்டுக்கு முன்னால் ஒரு அழுத்து, பின்னால் ஒரு அழுத்து, நடுவில் உள்ளதை அழித்துவிட்டால் இரண்டு பாட்டும் கை கோத்துக்கொள்ளும். அந்த மாற்றத்தைப் பெட்டி தனக்குள் எழுதி முடிக்கும்வரை அசைக்கக் கூடாது. அதுவரை அவர் மூச்சைக்கூட நிதானமாகத்தான் விடுவார். “கேசட்ல வெட்டுனா கிறுக்குனு ஒரு சத்தம் வரும் சார். இதுல தெய்யல் போட்ட எடமே தெரியாது. என் டிஸ்க்குல ஒரு இருமல் காட்டு, நான் பேர மாத்தி வெச்சிக்கிறேன்” என்று என்னிடமே பலமுறை சவால் விட்டிருக்கிறார். நானும் பொறாமையில் தேடிப் பார்த்தவன்தான். ஒரு தும்மல்கூடக் கிடைக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சில நாள் காதில் மாட்டும் ஒயரில் ஒரு பக்கத்தை எனக்குக் கொடுப்பார். வானொலியில் சாயங்காலம் போட்ட சினிமாப் பாட்டுகள், கல்யாண வீட்டில் தஃப் பறை அடித்துப் பாடிய பைத்துப் பாட்டுகள், ஏரிக்கரைக் குப்பத்தின் அம்மன் திருவிழாப் பாட்டுகள் என்று எல்லாமே இருக்கும். கேட்கக் கேட்க எனக்கு என் இளமை திரும்பி வரும். பொன்னேரி ஸ்டேஷனில் ஒருத்தியைப் பார்ப்பதற்காக ரயிலைக் கோட்டை விட்டிருக்கிறேன். ரயிலும் போயிற்று, அவளும் போனாள், அன்று டீக்கடையில் ஓடிய பாட்டு மட்டும் பாயின் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. கண் கலங்கினால் உருக்காலைப் புகை என்று சொல்லிக்கொள்ள எங்கள் ஊரில் வசதி உண்டு.

கொஞ்ச நாளாக அவரிடம் ஒரு மாற்றம். லாரிகள் காத்திருப்பதில்லை. பாட்டு ஆரம்பிக்கும், உடனே பெருவிரல் பொத்தானை அழுத்திக் கடைசிக்கு ஓட்டும். பாட்டு முடிந்து அடுத்தது எடுக்கிற இடத்தில் மட்டும் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு மறுபடி ஓட்டல். ஒரு டிஸ்க் முடிந்தால் அடுத்தது. தலையையும் உடலையும் விட்டுவிட்டு வாலை மட்டும் தின்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

“இன்னா பாய், பாட்டுமேல என்ன கோவம்?” என்றேன்.

ஒயரைக் காதிலிருந்து எடுத்து விரலில் சுற்றினார். “பாட்ட எவன் சார் கேக்குறான்? ஜாஹிதா கொரல தேடிக்கினு கீறேன்” என்றார்.

ஜாஹிதாவுக்கு ஆபரேஷன் ஆன விஷயம் எனக்குத் தெரியும். ஒரு வருஷம் தொண்டை கரகரத்துக்கொண்டே இருந்தது. சளி என்று பனங்கற்கண்டும் மிளகும் சாப்பிட்டுப் பார்த்தார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். உயிர் பிழைத்தது, குரல் போனது. தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். அதை வைத்து வீடியோவில் பேத்தியைக் கூப்பிட்டபோது குழந்தை பயந்து வீறிட்டு அழுதது. அன்றோடு கருவி அலமாரிக்குப் போய்விட்டது. இப்போது அவர் பேச்செல்லாம் உதட்டசைவில்தான். பாய்க்கு அது அத்துப்படி.

“பேத்தி கேக்குறா சார், நன்னிம்மா எப்டி பேசும்னு. இன்னானு சொல்லுவேன்? பர்ஹானா கல்யாண வீடியோவ தேடி எடுத்தோம். ஜாஹிதா வாய் அசையுது, வீடியோக்காரன் மேல சினிமா பாட்ட போட்டு மூடி வெச்சிருக்கான். வாட்ஸப்புல கீறதெல்லாம் நோவு வந்தப்புறம் பேசுனது. அது நோயோட கொரலுன்னு அவளே வேணாம்னுட்டா. நல்ல கொரலு எங்க இருந்துச்சி தெரியுமா? எல்லாம் இதுலதான் இருந்துச்சி.” சட்டைப் பையைத் தட்டினார். “நான்தான் வாரா வாரம் குந்திக்கினு வெட்டி வெட்டிப் போட்டேன்.”

அழித்ததை மீட்க முடியாதா என்று கேட்டேன். இந்தக் காலத்தில் எதை எதையோ மீட்கிறார்களே.

“காலியான எடத்த சும்மா வுட்டேனா? வேற பாட்ட ஏத்திட்டேன். எங்கனா ஒரு எடத்துல நான் தப்பா வெட்டியிருக்கணும் சார். ஒரு தபா கை தவறியிருந்தா போதும். என் வேலையில ஒரு தப்பு கெடைக்கணும்னு அஞ்சு வேளையும் துவா கேக்குறேன்.”

இருமலைக் காட்டு, பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திய மனிதர், தன் கையிலேயே ஒரு குறை தேடி அலைகிறார். பெட்டியும் கிழடு தட்டிவிட்டது. ஒரே முயற்சியில் டிஸ்க்கைப் படிப்பதில்லை. எடுத்து, துடைத்து, கெஞ்சி, மறுபடி போட வேண்டியிருக்கிறது. அது கண்ணை மூடுவதற்குள் எல்லா டிஸ்க்கையும் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய பதற்றம்.

போன ஞாயிற்றுக்கிழமை இறால் சாப்பிட வரச்சொல்லியிருந்தார். போனேன். கூடத்தில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கேட்டு முடித்த டிஸ்க்குகள், பிஸ்கட் டின் டின்னாக. இன்னொரு பக்கம் மிச்சம் கொஞ்சம்தான். ஜாஹிதா என்னைப் பார்த்துச் சிரித்து, கணவரைக் காட்டி உதட்டை அசைத்தார். “வேல வெட்டி இல்லாத மன்சன்னு சொல்றா” என்று அவரே எனக்கு மொழிபெயர்த்தார். வெயில் கொளுத்தியது. ஃபேனைப் போடலாம் என்று எழுந்தேன். ஜாஹிதா அவசரமாகக் கை நீட்டித் தடுத்து, கணவரின் காதைக் காட்டினார். பாய் சொல்லாமலே ஃபேனை நிறுத்தியது இந்த அம்மாள்தான் என்று அப்போது புரிந்தது. வெளியே கேலி செய்தாலும் உள்ளுக்குள் அவரும்தான் தேடிக்கொண்டிருக்கிறார். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உள்ளே சோறு வடிக்கிற வாசனை வந்தது. பாய் ஒரு டிஸ்க்கைப் போட்டு, எடுத்து, ஊதி, மறுபடி போட்டார். பெருவிரல் ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. திடீரென்று முதுகு நிமிர்ந்தது. பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு ஒரு ஒயரை என் காதில் வைத்தார்.

பாட்டு முடிகிறது. கடைசியில் வீணை இழுத்து அடங்குகிறது. அடங்கின கையோடு, எங்கோ தள்ளி, அடுப்படிப் பக்கமிருந்து கணீரென்று ஒரு பெண் குரல்: “ஏங்—”

அவ்வளவுதான். அடுத்த பாட்டின் மேளம் விழுந்துவிட்டது. ‘ஏங்க’ என்று முழுசாகக் கூப்பிட விடாமல் கத்தரித்திருக்கிறார் மனிதர். ஆனால் கத்தரி ஒரு இழை தள்ளி விழுந்திருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற அந்தச் சத்தத்தில் இளமை இருந்தது, அதட்டல் இருந்தது, அடுப்புச் சூடு இருந்தது.

“ஜாஹிதா” என்று கூப்பிட்டார். குரல் வெளியே வரவில்லை. நான்தான் எழுந்துபோய் அழைத்து வந்தேன்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தவர், கணவர் கொடுத்த ஒயரைக் காதில் வைத்துக்கொண்டார். பாய் ஓட்டினார். ஜாஹிதா அசையாமல் நின்றார். மறுபடி ஓட்டச் சொல்லி விரலைச் சுழற்றினார். கேட்டார். முகம் சிரிக்கப் பார்த்தது, அழப் பார்த்தது, இரண்டும் ஆகாமல் நின்றது. பாய் தலை குனிந்திருந்தார். “இவ்ளோதான் கீது, மன்னிச்சிடு” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஜாஹிதா ஒயரைத் தன் காதிலிருந்து எடுத்தார். குனிந்து அதைக் கணவரின் காதில் வைத்தார். மோவாயைத் தொட்டு அவர் முகத்தை நிமிர்த்தி, ‘போடுங்க’ என்று கண்ணைக் காட்டினார். பாய் பொத்தானை அழுத்தினார். அவர் காதில் அந்தப் பாதிக் குரல் எழுந்திருக்க வேண்டும். அதே நொடியில், எதிரே நின்ற ஜாஹிதாவின் உதடுகள் திறந்து மீதியைச் சொல்லத் தொடங்கின. சத்தம் இல்லை. எனக்கே படிக்க முடிந்தது: ‘…க, சோறு ஆறிப்போவுது, எந்திரிச்சி வாங்க.’

“தோ, வந்துட்டேன்” என்று உரக்கச் சொல்லிவிட்டு, நூர் அகமது காதில் ஒயரோடு எழுந்தார்.