வெளியே வராத குட்டை லிவர்

என் கணவருக்கு போர்வெல் மோட்டார் வேலை. பூமிக்குள் கிடக்கும் மோட்டார் நின்றுபோனால், குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அதை மேலே தூக்கி, சரிசெய்து, திரும்பவும் உள்ளே இறக்கிக் கொடுப்பார். நான் அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அவர் வேலை ஆழத்தில், என் வேலை மேஜைமேல். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதை முதலில் மீறியது நான்தான்.

எங்கள் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தால் போதும், காலில் இருக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். போன வருஷம் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு பருத்திக் காட்டில் லோடு ஆட்டோ இரண்டு நாள் புதைந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் இவர் காரியாபட்டிக்குப் போய், நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு பழைய ஜீப்பைப் பிடித்து வந்தார். பின்னால் லோடு ஏறும் என்பதால் பின்சக்கரம் இரண்டுக்கும் புது டயர் போட்டார். முன்னால் இருந்த டயர்கள் அப்படியே இருந்தன.

ஜீப்பில் இரண்டு லிவர்கள். நீளமானது சாதாரண கியர். அதன் பக்கத்தில் குட்டையாக நிற்பதைத் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சேற்றில் தள்ள வேண்டும், தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

முதல் மழைக்கே ஜீப் நல்ல பேர் வாங்கியது. குளத்தில் இறங்கிய எருமை போல அலட்டிக்கொள்ளாமல் சேற்றைக் கடந்து வந்ததாம். ஆனால் தார் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்தபின் குட்டை லிவரை இழுத்தால், அது அசையவே இல்லை. அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தெருமுனையில் திரும்பும்போதே எனக்குச் சத்தம் கேட்டது. முன்டயர் கீச்சென்று கத்தியது. வண்டி நொண்டி ஆடு மாதிரி தத்தித் தத்தி வந்தது.

"என்னங்க, வண்டி இப்படிக் குதிக்குது?"

"ஒண்ணுமில்ல. லிவரு கொஞ்சம் டைட்டா இருக்கு."

சாயங்காலம் முழுவதும் அந்தக் கொஞ்சத்தோடு மல்லுக்கட்டினார். மரக்கட்டை வைத்துத் தட்டினார். கியர் ஆயில் குறைந்திருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தார். ஆயில் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் லிவரின் குமிழ் மட்டும் கழன்று கையோடு வந்தது. அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அதற்காக அன்று இரவு அவரே சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். பழைய ஜீப் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். நிதானமான மனிதர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் லிவரை ஆட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள லிவரு பிடிச்சுத் தள்ளுற ஃபோர்க்கு வளஞ்சிருக்கும்போல. கியர் பாக்ஸ இறக்கித்தான் பாக்கணும். திங்கக்கிழம விடுங்க. அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க" என்றிருக்கிறார்.

இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. இவர்தான் தாய்மாமன். சீர்த் தட்டுகளோடு ஒரு கிடாவும் கொண்டுபோக வேண்டும்.

"பஸ்ல போவோம். கெடாயை ஒரு ஆட்டோவுல ஏத்திவிடுங்க" என்றேன்.

"தாய்மாமன் வண்டி வச்சிருக்கான்னு ஊருக்கே தெரியும். பஸ்ல போயி எறங்கவா?"

போனோம். ஸ்டியரிங்கைத் திருப்ப இவருக்கு இரண்டு கையும் போதவில்லை. வளைவுகளில் டயர் கத்தியது, அதற்குப் பதில் சொல்வது போலப் பின்னால் கிடா கத்தியது. என் மடியில் பெரிய தாம்பாளம், அதில் பட்டுப் பாவாடையும் பூவும் பழமும். தாம்பாளம் சரியாமல் இருக்க நான் முழங்காலை ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன். அது குட்டை லிவரை அழுத்திக்கொண்டே இருந்தது.

ஊருக்குள் போகும் பாதை ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் கருவேலம். எதிரே மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர் வந்துவிட்டது. டிரெய்லரோடு டிராக்டர்காரர் பின்னால் போக முடியாது, நாங்கள்தான் போக வேண்டும். இவர் முணுமுணுத்துக்கொண்டே ரிவர்ஸ் போட்டார். பத்தடி போயிருப்போம். அடியில் டொக் என்று ஒரு சத்தம். என் முழங்காலுக்குக் கீழே லிவர் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. தாம்பாளத்திலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு ஓடியது.

"ஐயோ, உடைச்சுட்டேனா?"

இவர் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். வெண்ணெயாகத் திரும்பியது. முகம் மலர்ந்துவிட்டது.

"உடைக்கல புள்ள, வெளிய வந்துருச்சு! கொலசாமி கண்ணத் தொறந்துட்டாரு!"

டிராக்டர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வழி விட்டதற்காக இவ்வளவு சந்தோஷப்படும் ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார்.

காதுகுத்து நன்றாக நடந்தது. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊர் அதிர அழுதாள். தாய்மாமனோ அவளைச் சமாதானப்படுத்துகிற சாக்கில் பந்தலில் இருந்தவர்களுக்கெல்லாம் லிவர் வெளியே வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் போய், இறக்க வேண்டாம், சரியாகிவிட்டது என்றார். "தானா சரியானது தானா கெடும். பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினாராம் அண்ணன்.

அதுதான் நடந்தது. அடுத்த மழையில் திரும்பவும் இறுகிக்கொண்டது. இப்போது வைத்தியம் தெரியும் என்பதால் இவர் தெருவுக்குள் பின்பக்கமாகவே ஓட்டி வந்தார். மூன்றாவது தடவையும் அப்படி வந்தபோது எதிர்வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, ஒங்க வீட்டுக்காரு ஏன் முதுகக் காட்டிக்கிட்டே வாராக?"

ஆனால் எனக்கு அந்த ரிவர்ஸ் விஷயம் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே ஏதாவது வளைந்திருந்தால் பின்னால் போனவுடன் எப்படி நிமிரும்? வளையவில்லை, எதுவோ முறுக்கிக்கொள்கிறது. பின்னால் போனால் முறுக்கு அவிழ்கிறது. இப்படி யோசித்துக்கொண்டே ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையையும் அது சேரும் வளைவையும் வெவ்வேறு அளவில் வெட்டிவிட்டு, இழுத்துப் பிடித்துத் தைத்துவிட்டேன். தோளில் முறுக்கிக்கொண்டு நின்றது. அளவு ஒத்துவராத இரண்டைச் சேர்த்துத் தைத்தால் துணி முறுக்கத்தான் செய்யும்.

எழுந்து வாசலுக்குப் போனேன். ஜீப்பின் முன்டயரைத் தடவினேன், வழுக்கையாக இருந்தது. பின்டயரில் விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம்.

"ஏங்க, இங்க வாங்க. வண்டியத் தள்ளணும்."

"எங்க?"

"ஒரு சுத்துதான்."

முன்டயரிலும் பின்டயரிலும் தரையைத் தொடுகிற இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு போட்டேன். சிமெண்டுத் தரையிலும் நேராகக் கோடு போட்டேன். இவரும் எதிர்வீட்டு அக்காவின் கணவரும் வண்டியைத் தள்ள, டயர்க் கோடு ஒரு சுற்று சுற்றி மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் அடையாளம் வைத்தேன். இஞ்சு டேப்பின் நீளம் போதாமல் இரண்டு தடவை வைத்து அளந்தேன். முன்டயர் எண்பத்தாறரை. பின்டயர் எண்பத்தொன்பது.

"ரெண்டர இஞ்சுக்கு என்ன இப்ப?" என்றார் இவர்.

"ஒரு சுத்துக்கு ரெண்டர. இங்கேருந்து திருச்சுழிக்கு எத்தன சுத்து?"

குனிந்து இரண்டு டயரையும் தடவிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "நீயும் வா. அண்ணங்கிட்ட நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். கீழே படுத்துப் பார்த்தார். எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"கரெக்ட்டும்மா. லிவரப் போட்டா முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணாக் கோத்துக்கும். பெரிய டயரு ஒரு தூரம் போகணும்கும், சின்ன டயரு ஒரு தூரம் போகணும்கும். சேத்துல சக்கரம் வழுக்கிக் கணக்கு நேராயிரும். தார் ரோட்டுல வழுக்க வழியில்லாம உள்ள முறுக்கிக்கிட்டு லிவரப் பிடிச்சுக்கிருது." பிறகு, "நான் டயரத் திரும்பிக்கூடப் பாக்கல. கியர் பாக்ஸ இறக்கியிருந்தாலும் ஒண்ணும் இருந்திருக்காது. தொடச்சு மாட்டிக் குடுத்திருப்பேன்" என்றார். எத்தனை பேர் அப்படி ஒப்புக்கொள்வார்கள்? எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

முன்னாலும் அதே மாதிரி புது டயர்கள் போட்டார்கள். லிவரின் அடிமூட்டில் காய்ந்திருந்த கரிசலைச் சுரண்டி கிரீஸ் வைத்தார் அண்ணன். ரோட்டில் ஏறுகிறதுக்கு முன்னாலேயே லிவரை எடுத்துவிட வேண்டும் என்று இவருக்கு ஒரு அதட்டலும் போட்டார். மாணவன் மாதிரி தலையாட்டினார் இவர்.

கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு ஒரு காட்டு வேலைக்கு நானும் கூடப் போனேன். மோட்டாரை இறக்கித் தண்ணீர் பார்த்துவிட்டுச் சேற்றிலிருந்து கிளம்பினோம். ரோடு தெரிந்ததும் வண்டியை நிறுத்தி, "நீயே எடு" என்றார். இரண்டு விரலால் பின்னுக்கு இழுத்தேன். சத்தமே இல்லாமல் வந்தது. எங்களை வழியனுப்ப ரோடு வரை வந்திருந்த காட்டுக்காரர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, லிவர் பற்றி விசாரித்தார்.

"முன்னாடி மக்கர் பண்ணிக்கிட்டு இருந்துச்சு மாமா. நாங்க ரெண்டு பேருமாக் கண்டுபிடிச்சோம்" என்றார் என் கணவர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். காதுமடல் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. காட்டுக்காரர் கொடுத்த மக்காச்சோளக் கதிர்களை மடியில் போட்டுக்கொண்டு, சரி, போகட்டும் என்று உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய் அவித்துச் சாப்பிட்டோம். அவரே உரித்துக் கொடுத்தார்.