குழாய் இல்லாத வயலின் போர்டு

முனிலட்சுமி அக்கா வயலில் இறங்குமுன் வரப்போரம் நிற்கும் தகர போர்டைத் துடைப்பார். அதற்கென்றே ஒரு பழைய துணி போர்டின் காலில் கட்டித் தொங்கும். நாலு வருஷமாகப் பார்க்கிறேன், மழை நாளில்கூட விட்டதில்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் பக்தி என்று நினைப்பார்கள். ‘சொட்டுநீர்ப் பாசனம், அரசு மானியம், பயனாளி முனிலட்சுமி, ஒரு ஏக்கர்’ என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த ஏக்கரில் ஒரு முழம் குழாய்கூடக் கிடையாது.

ஜவளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், பாஸ்கரன் என்பவருடைய ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போவேன். புருஷன் இறந்தபின் பட்டா அக்கா பேருக்கு மாறியது. வயல் போர்வெல்லில் தண்ணீர் விரல் மொத்தத்துக்குத்தான் வரும். வாய்க்காலில் விட்டால் பாதி வயலைத் தாண்டுவதற்குள் மண்ணே குடித்துவிடும். சொட்டுநீர் வந்தால் முழு ஏக்கருக்கும் தக்காளி வைக்கலாம் என்று அக்கா காத்திருந்தார்.

2005-ல் குழாய் ஏஜென்ட் முத்துக்குமார் வந்து மனு எழுதினான். சிறு விவசாயி சான்றுக்கு மட்டும் அக்கா ஆறு தடவை அலைந்தார். ஒருநாள் டெம்போவில் கறுப்புக் குழாய்ச் சுருள்களும் ஒரு ஃபில்டரும் வந்து இறங்கின. புதுச் சாமான் வந்தால் பூஜை போடாமல் தொட மாட்டோம். அக்கா சுருளுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்து, ஃபில்டரின் கழுத்தில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டி, கற்பூரம் காட்டினார். இரண்டாகக் கிளைத்த கிழங்கு. எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து நான்தான் தேடிக் கொடுத்தேன். ஆட்கள் குழாயை வயலில் விரித்தார்கள். விவசாய ஆபீஸ் அதிகாரி வந்து போட்டோ எடுத்தார். அக்கா கையெழுத்துப் போட்டார். போர்டு நட்டார்கள்.

மறுநாள் அதே டெம்போ வந்தது. அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். “சைஸ் மாறிப்போச்சு, மாத்திக் கொண்டாறோம்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சுருட்டி ஏற்றினார்கள். ‘அக்கா வரட்டும், இருங்க.’ மூணே வார்த்தை. அதுகூட என் வாயில் வரவில்லை.

இருபது நாள் கழித்து, பண்ணையில் புதிதாகப் போட்ட குடைமிளகாய்த் தோட்டத்துக்கு என்னைக் களை எடுக்க அனுப்பினார்கள். அங்கே ஃபில்டரின் கழுத்தில் அந்தக் கிளைத்த கிழங்கு தொங்கியது. விமானத்தில் ரோஜா அனுப்புகிறவருக்கு, விரல் மொத்தத் தண்ணீரை வைத்துப் பிழைக்கிறவளின் குழாய் வேண்டியிருந்திருக்கிறது.

வந்து சொன்னேன். அக்கா அழவில்லை. “நாளைக்கு என்கூட ஆபீசுக்கு வர்றியா?” என்றார்.

அதிகாரி ஃபைலைத் திருப்பிக் காட்டினார். “உங்களுக்குக் குடுத்தாச்சேம்மா. போட்டோல நீங்கதானே சிரிக்கிறீங்க?”

“சிரிங்கன்னு சொன்னீங்க, சிரிச்சேன் சார். இப்ப குழாயைக் காட்டுங்கன்னு நான் சொல்றேன், காட்டுங்க.”

“வித்துட்டு வந்து பேசறீங்களா?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் என் வாய் திறந்தது. “குழாய் பாஸ்கரன் தோட்டத்துல இருக்கு சார். நான் பார்த்தேன். அக்கா கட்டின மஞ்சள் அதுல தொங்குது.”

“மஞ்சள் எல்லாக் கடையிலயும் விக்குதும்மா. நீ எங்க வேலை செய்யற?”

சொன்னேன். மறுநாள் பண்ணை கேட்டிலேயே மேஸ்திரி மறித்தார். “உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே, வேற எங்கயாச்சும் போய்ப் பாரு.”

அக்கா போர்டைப் பிடுங்கி எறிவார் என்று நினைத்தேன். “பிடுங்கினா அவனுங்களுக்குத்தான் நல்லது. எழுத்து தெரியணும். வர்றவன் போறவன் படிச்சிட்டு, குழாய் எங்கன்னு கேக்கணும்” என்றார். அன்றைக்கு எடுத்த துணிதான் அது.

இப்போது 2009. மூன்று மனு போட்டாயிற்று. ஒருமுறை வாங்கியவருக்கு மறுபடி கிடையாது என்று மூன்றுக்கும் ஒரே பதில். பாஸ்கரன் தோட்டத்தில் குழாய் சொட்டுகிறது. இங்கே அரை ஏக்கர் தக்காளிக்கு அக்காவும் நானும் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம். மீதி அரை ஏக்கர் தரிசு.