டூட்டி நேரத்து வேப்பமரம்

ஓமானின் சலாலாவில் கரீஃப் என்னும் மழைப் பருவத்தின் சாரல் தொடங்கினால் வெயில் தலைகாட்டாது. எங்கள் வீட்டு முதிய வேம்பு நனைந்து கனத்து, ஒரு கிளை சமையலறைக் கூரைமேல் சாய்ந்துவிட்டது. மனைவி உள்ளே போக மறுத்தாள். மூன்று வேளையும் ஓட்டல் பரோட்டா. வெட்ட ஆள் கூப்பிட்டேன்.

வந்தவர் ஒல்லியானவர். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கிளையைத் தட்டிப் பார்த்தார்.

"ஈரத்துல வெட்டுனா வெட்டுன எடம் அழுகிரும் சார். மழை விடட்டும்."

கிளைக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு, விழக் கூடாது என்று மரத்தையே இந்தியில் அதட்டினார்: "பாய், கிர்னா நஹி."

"மரத்துக்கிட்ட எதுக்குங்க இந்தி?"

"டூட்டில உங்களத் தவிர எல்லார்கிட்டயும் இந்திதான் சார்."

வெள்ளிக்கிழமை கைலியும் குடையுமாக மறுபடி வந்தார். மரத்தில் சாய்ந்துகொண்டு, "என்னப்பா, முட்டு உறுத்துதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு லீவு சார்" என்றார்.

மழை விட்டதும் கிளையைக் குறைத்துவிட்டுப் போனவரை அப்புறம் பார்க்கவில்லை. ஆனால் இன்றும் காற்று பலமாக அடித்தால் மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து, "பாய், கிர்னா நஹி" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை மட்டும் தமிழில்.